கடல் கடந்த கண்காட்சியும் கைவினைஞன் பெயரும்

(ஜவ்வாது மலையில் நம் சங்கத்தார் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு நாட்டின் கலையைப் பிறநாடுகளிற் காட்சிக்கு வைத்துப் பெருமை தேடும் முறையைக் குறித்துச் சில கூற விழைகின்றோம். உளியும் உலையும் கொண்டு வாழும் விசுவகர்ம குலத்தார்க்கு இது பிறர் காரியமன்று.

பிரெஞ்சு நாட்டுச் சிற்பியாகிய ரோடின், சென்னைப் பொருட்காட்சிச்சாலையிலுள்ள நடராசர் திருமேனியை நிழற்படத்திலேயே கண்டார். கண்டு வியந்து அவர் எழுதிய கட்டுரை 1921-இல் வெளிவந்தது. நிழற்படத்திற்கே அத்துணை ஆற்றலெனின், நேரிற் காண்டலின் பயனைக் கூறவும் வேண்டுமோ? 2002-இல் வாஷிங்டனிலும், 2006-இல் இலண்டனிலும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்கென்றே தனிக் கண்காட்சிகள் நடைபெற்றன. தமிழ்நாட்டின் புகழ் அவற்றால் வளர்ந்தது.

ஆயினும் அத்தகைய காட்சிகளில் அரசர் குலம் எழுதப்பெறும்; காலம் எழுதப்பெறும்; வார்த்த கையின் பெயர் எழுதப்பெறாது. எழுதுவதற்கு அப்பெயர் கிடைத்தாலன்றோ!

இம்மலைக்கு அணித்தான செங்கம் பகுதியை நோக்குவோம். அங்குள்ள எடுத்தனூர் நடுகல் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. ஆநிரைப் பூசலில் இறந்த வீரனின் பெயர் அதில் உண்டு. அவனுடன் நின்று கள்ளரைக் கடித்த நாயின் பெயரும் 'கோவிவன்' என்று உண்டு. கல்லைச் செதுக்கியவன் பெயர் மட்டும் இல்லை. நாய்க்குக் கிடைத்த சிறப்பும் சிற்பிக்குக் கிடைத்திலது! பெயர் பொறிக்கும் வழக்கம் நம்மிடம் அறவே இல்லாததன்று. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயர் இன்றும் விளங்குகின்றது.

பெயரின்றிச் செல்வதன் இழிவை 1886-ஆம் ஆண்டின் இலண்டன் கண்காட்சி காட்டும். அங்கே இந்தியக் கைவினைஞர் வேலை செய்துகொண்டே காட்சிப் பொருளாக இருத்தப்பெற்றனர். பரம்பரைத் தொழிலாளரென்று காட்டப்பெற்ற அவருட் பலர் ஆக்ரா சிறைச்சாலையில் தொழில் பயின்றவரே. ஆண்டுகள் பல கழிந்து, 1985-இல் அமெரிக்காவில் நிகழ்ந்த இந்திய விழாவில், கைவினைஞரும் கலைஞரும் வாஷிங்டன் சென்று தம் தொழிலைத் தாமே செய்து காட்டினர். பொருளோடு ஆளும் மதிக்கப்பெறுதலே நாம் வேண்டும் நெறி.

காட்சிக்கு அனுப்புதல் வேறு. களவிற் போதல் வேறு. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர், 2008-இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தாரால் விலைக்கு வாங்கப்பெற்று, 2014-இல் மீண்டு வந்தார். ஆதலின், வழிபாட்டிலுள்ள திருமேனி கோயிலிலேயே இருக்க. இன்று வார்க்கும் புதுத் திருமேனி கடல் கடந்து செல்க.

அங்ஙனம் செல்வதற்குமுன் நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. ஒவ்வொரு பட்டறையிலும் ஓர் ஏடு இருத்தல் வேண்டும். வார்த்தவர், மெழுகு பிடித்தவர், செதுக்கியவர் ஆகியோர் பெயர், ஊர், ஆண்டு, எடை ஆகியவை அதில் ஏறுக. பீடத்தின் அடியிலும் அப்பெயர்கள் பொறிக்கப்பெறுக. இதற்கு அரசாணை வேண்டா, பெரும்பொருளும் வேண்டா, ஓர் எழுத்தாணியும் மனவுறுதியும் போதும். அவ்வேட்டை எழுதத்தக்க கல்வியை நம் பிள்ளைகட்கும் பெண்மக்கட்கும் அளித்தல் சங்கத்தின் கடமை.

நாம் எழுதாத பெயரை அயலார் படிக்குமாறு எங்ஙனம்? இன்றே எழுதத் தொடங்குவோமாக.