காஞ்சீபுரம் நெசவாளரும் நெடுங்கால லாபமும்

(ஐக்கிய சங்க அங்கத்தினர்களுக்காகத் தயாரிக்கப்பட்ட பிரசங்கம்)



விதைநெல்லைக் குத்தி உண்ட குடியானவனுக்கு அன்றைப் பசி தீரும். அடுத்த போகத்தில் அவனுடைய கழனி தரிசாய்க் கிடக்கும். உழவர் யாவரும் அறிந்த இவ்வுண்மை கைத்தொழிலுக்கும் பொருந்தும் என்பதைக் காஞ்சீபுரம் பட்டு நெசவு நன்கு விளக்குகின்றது.

காஞ்சீபுரத்துத் தறிகளுக்குப் பட்டு பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும், சரிகை பெரும்பாலும் சூரத்திலிருந்தும் வருகின்றன. ஆகவே அவ்வூரின் சிறப்புக்கு மூலப்பொருள் காரணமன்று. நெசவாளரின் கைத்திறமே காரணம். புடவையின் உடலை ஒரு நிறத்திலும் கரையை வேறு நிறத்திலும் நெய்து, இரண்டையும் ஊடை இழைகளாலேயே பிணைப்பது கோர்வை எனப்படும். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். நெய்பவருக்குத் துணையாக மற்றொருவரும் தறியில் அமர வேண்டும். வேலை மெதுவாகவே நடக்கும். கோர்வையை விட்டுவிட்டு ஒரே நாடாவில் நெய்தால் விரைவில் பல புடவைகளை முடிக்கலாம். ஆனால் அத்தகைய புடவையை விசைத்தறி அதனினும் விரைவாகவும் மலிவாகவும் நெய்துவிடும். எளிய வழியை நாடிச் செல்பவன், தன்னினும் வலிய போட்டிக்காரன் கடை விரித்திருக்கும் சந்தைக்கே போய்ச் சேருகின்றான்.

சரிகையின் விஷயமும் இத்தன்மையதே. அசல் சரிகை, பட்டிழையின்மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் பூசியது. போலிச் சரிகையிட்ட புடவையை அசல் என்று விற்பவனுக்கு ஒரு முறை லாபம் கிடைக்கலாம். நஷ்டமோ ஊரிலுள்ள தறிகள் அனைத்தையும் சாரும். நல்ல சரிகை கிடைக்கும் பொருட்டுத் தமிழ்நாடு அரசாங்கத்தார் 1971-ஆம் வருஷத்தில் காஞ்சீபுரத்தில் சரிகை நிறுவனம் ஒன்றை ஏற்படுத்தினர். 2005-ஆம் வருஷத்தில் காஞ்சீபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. எனினும் பதிவு பெயரைத்தான் காக்கும். பெயருக்கேற்ற சரக்கை நெசவாளரே காக்க வேண்டும்.

‘இன்றைக்கு அடுப்பெரிய வேண்டுமே, நாளைய லாபத்திற்குக் காத்திருப்பது எவ்வாறு?’ என்று ஏழை நெசவாளர் கேட்பது நியாயமே. முதலாளியிடம் முன்பணம் வாங்கியவர், அவர் சொன்ன கூலிக்கு நெய்து கொடுக்க நேரிடுகின்றது. காத்திருக்கும் சக்தி முதல் உடையவனுக்கே உண்டு. தனி நெசவாளரிடம் இல்லாத அந்தச் சக்தியைப் பலர் சேர்ந்து உண்டாக்கிக்கொள்வதே ஐக்கிய சங்கத்தின் நோக்கம்.

1904-ஆம் வருஷத்துச் சட்டம் நாணயச் சங்கங்களுக்கு மட்டுமே இடமளித்தது. அதன்கீழ் அவ்வாண்டிலேயே அக்காலச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் ஒரு சங்கம் தோன்றியது. 1912-ஆம் வருஷத்துச் சட்டமோ உற்பத்தி, விற்பனைச் சங்கங்களுக்கும் வழி திறந்தது. லாபத்தை அங்கத்தினருக்குப் பங்கிடுமுன் நாலில் ஒரு பங்கையேனும் சேமநிதிக்கு ஒதுக்க வேண்டுமென்றும் விதித்தது. பிற்காலத்தில் கோ-ஆப்டெக்ஸ் என வழங்கலான நெசவாளர் மாகாண சங்கம் 1935-இல் அமைந்தது.

சேமநிதியுள்ள சங்கம் பட்டு மலிந்த சமயத்தில் மொத்தமாக வாங்கும். புடவை முடிந்தவுடன் கூலி கொடுக்கும். கலியாண காலம் வரும்வரை புடவையை நல்ல விலைக்கு நிறுத்தி வைக்கும். ஆனால் நிறுத்தி வைத்தல் வேறு, தேங்க விடுதல் வேறு. வாங்குவோர் விரும்பும் நிறத்தையும் புட்டாவையும் விசாரியாமல் நெய்து அடுக்கினால், சேமநிதி முழுவதும் அலமாரியில் முடங்கிவிடும்.

இன்னொரு முதலும் உண்டு. அது பிள்ளைகளின் கையில் இருக்கின்றது. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் மாதச் சம்பளம் தரும் தொழிற்சாலைகளை நாடுகின்றனர். அவர்களைக் குறை கூறுவதில் பயனில்லை. கோர்வை வேலைக்கு, அது கொள்ளும் நாட்களுக்கேற்ற கூலி கிடைக்காவிடில், ஒரு தலைமுறையில் அத்திறமை மறையும். மறைந்தபின் எந்தச் சேமநிதியாலும் அதை விலைக்கு வாங்க இயலாது.

ஆகையால் வருஷாந்தர மகாசபையில் லாபக் கணக்கு படிக்கப்படும்போது, ‘பங்குக்கு எவ்வளவு?’ என்று கேட்பதோடு அங்கத்தினர் நின்றுவிடலாகாது. சேமநிதிக்கு எவ்வளவு, கோர்வைக் கூலிக்கு எவ்வளவு, தறியில் பழகும் பிள்ளைகளுக்கு எவ்வளவு என்பவற்றையும் கேட்டல் வேண்டும். விதைநெல் எங்கே இருக்கின்றது என்பதை அறிந்த குடும்பமே அடுத்த போகத்திற்கு அஞ்சாது.