நாற்றிலேயே ஒரு தேர்வு

ஒரு தக்காளி வறட்சியைத் தாங்குமா என்று அறிய, அது காய்க்கும்வரை காத்திருக்க வேண்டுமா? நூற்றுக்கணக்கான தக்காளி வகைகளை வயலில் நட்டுப் பார்க்க இடமும் போதாது, காலமும் போதாது. அதனால் ஆய்வாளர்கள் குழித்தட்டு நாற்றிலேயே சோதனையைத் தொடங்கிவிடுகிறார்கள்.

சில இலைகள் விட்டதும் தண்ணீரை நிறுத்துவார்கள். எது முதலில் தலைசாய்கிறது, எது நிமிர்ந்து நிற்கிறது என்று நாள்தோறும் மதிப்பெண் போடுவார்கள். என் மனத்தைத் தொடுவது அதற்கு அடுத்த கட்டம்தான். மறுபடி நீரூற்றி, வாடிய நாற்றுகளில் எது துளிர்த்து எழுகிறது என்று பார்ப்பார்கள்.

ஆய்வகத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் 6000 என்ற பொருளை நீரில் கரைத்தும் சோதிப்பதுண்டு. அதன் மூலக்கூறு பெரியது; வேரின் செல்லுக்குள் நுழையாது. ஆனால் நீரை இறுகப் பிடித்துக்கொள்ளும். சுற்றிலும் தண்ணீர் இருந்தும் வேருக்கு வறட்சி!

பெரு நாட்டின் வறண்ட மேற்குப் பகுதியில் வளரும் சொலானம் பென்னெல்லி என்ற காட்டுத் தக்காளி இந்தத் தாங்குதிறனுக்குப் பேர்போனது. நம் தக்காளியோடு அதைக் கலப்புச் செய்யவும் முடியும்.

ஆனால், நாற்றில் தேறியதெல்லாம் பூக்கும் பருவத்திலும் தேறும் என்ற உறுதி இல்லை. அவற்றை வயலில் மறுபடி சோதித்தே ஆகவேண்டும்.