ஆளுக்கொரு புத்தி வேண்டாம்
(தோட்ட மக்கள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டுக் களைப்போடு வந்திருக்கிறீர்கள். சுருக்கமாகவே பேசுகிறோம். உளவளத்துணை செய்கிற எங்களுக்கு ஒரு பையன் படிப்பித்த பாடம் இது.

அவனுக்கு 15 வயது. தாய் வெளிநாட்டில். தகப்பனுக்குக் குடிப் பழக்கம். பையன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போக இருந்தான். வராத நாட்கள் ஆசிரியருக்குத் தெரியும். தூக்கமில்லாதது தோட்ட வைத்திய உதவியாளருக்குத் தெரியும். வீட்டுச் சண்டை நலன்புரி உத்தியோகத்தருக்குத் தெரியும். ஆளுக்கொரு பக்கம் கூப்பிட்டுப் புத்தி சொன்னோம். கடைசியில் அவன், "எல்லாரும் கேக்குறீங்க, ஒண்ணும் நடக்கலையே" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டான். குறை அவனிடமில்லை, எங்களிடம்தான்.

பிறகு அவனிடமும் தகப்பனிடமும் சம்மதம் கேட்டு, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தோம். பிள்ளை மடுவத்து அக்கா சொன்ன பிறகுதான் விசயம் விளங்கியது. காலையில் சமைத்து, தங்கச்சியைக் குளிப்பாட்டி, மடுவத்தில் விட்டுவிட்டு அவன் பள்ளிக்கு ஓடுவான். பிந்திப் போனால் ஏச்சு. அதற்குப் பயந்தே நின்றுவிட்டான்!

வேலையைப் பிரித்துக்கொண்டோம். தங்கச்சியைப் பக்கத்துக் காம்பரா அம்மா கூட்டிப் போகிறார். பள்ளியில் ஏச்சு நின்றது. தகப்பனோடு பேசுவதைப் பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தர் பொறுப்பெடுத்தார். பையனோடு பேச ஒரே ஆள், அவனுக்குப் பிடித்த ஆசிரியர். தகப்பன் இன்னும் முழுசாகக் குடியை விடவில்லை. ஆனால் பையன் வகுப்பில் இருக்கிறான்.

பெற்றோரே, 16 வயது வரை பிள்ளை படிக்க வேண்டும் என்பது சட்டம். 16 வயதுக்குக் குறைந்தவரை வேலைக்கு வைப்பதையும் 2021ஆம் ஆண்டுத் திருத்தம் தடுத்திருக்கிறது. தரகர் வந்தால் இதைச் சொல்லுங்கள்.

பிள்ளை எங்களிடம் சொன்னது பீலிக்கரைப் பேச்சாகாது. உதவிக்குத் தேவையானதை மட்டுமே எங்களுக்குள் பகிர்வோம். ஆனால் உயிருக்கு ஆபத்து, துன்புறுத்தல் என்றால் மறைக்க மாட்டோம். அதையும் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவிடுவோம். நீங்களும் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 இலக்கத்தில் அறிவிக்கலாம். மனம் தாங்காத நேரத்தில் 1926க்குப் பேசலாம்.

உங்கள் லயத்தில் ஒரு பிள்ளை ஒதுங்கி நின்றால், ஏசாதீர்கள். எங்களில் ஒருவரிடம் சொல்லுங்கள். மற்றவர்களைச் சேர்ப்பது எங்கள் வேலை.