கைப்பையில் இருந்தால் போதுமா?

(நாக்பூரில் நமது சங்க மகளிர் அணியின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மகளிர் அணியினர் என்னைப் பேச அழைத்தபோது, பென்ஷன் விதிகளைப் பற்றியோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைப் பற்றியோ பேசுவேன் என்று நினைத்திருப்பார்கள். முன்பு இரண்டு முறை அப்படித்தான் பேசினேன். முன்வரிசையிலேயே சிலர் கண்ணயர்ந்ததையும் கவனித்தேன். இன்றைக்கு எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் தூக்கம் வரவழைக்காது, கண்ணீர் வரவழைக்கும். பெப்பர் ஸ்ப்ரேயைப் பற்றிப் பேசப் போகிறேன்.

இதைப் பேச எனக்கு என்ன யோக்யதை என்று கேட்கலாம். ஒரு தப்பு செய்தவன் என்கிற யோக்யதைதான். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் எங்கள் காலனிப் பக்கம் சங்கிலிப் பறிப்பு அதிகமாக இருந்த சமயம், என் மனைவிக்கு ஒரு பெப்பர் ஸ்ப்ரே டப்பா வாங்கிக் கொடுத்தேன். அவள் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன்னா, இதை எப்படி அழுத்தறது?" என்று கேட்டாள். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "அதான் டப்பாவிலேயே எழுதியிருக்கே, படிச்சுக்கோயேன்" என்றேன். அதில் எழுதியிருந்தது ஆங்கிலத்தில், எறும்பு அளவு எழுத்தில். பூதக்கண்ணாடி இருந்தாலொழிய எனக்கே படிக்க வந்திருக்காது.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் சாயங்காலம் கோயிலிலிருந்து தனியாக வந்துகொண்டிருந்தாள். எங்கள் தெரு முனையில் பைக்கில் இரண்டு பேர் நின்றார்கள். ஒருவன் இறங்கி, கையில் ஒரு சீட்டை வைத்துக்கொண்டு விலாசம் கேட்டான். ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. பைக்குள் கையை விட்டாள். மூக்குக்கண்ணாடிக் கூடு, விபூதிப் பொட்டலம், தேங்காய் மூடி, குடை எல்லாவற்றுக்கும் அடியில் டப்பா. எப்படியோ எடுத்தாள், அவன் முகத்துக்கு நேராக நீட்டினாள், அழுத்தினாள். பொத்தான் அசையவே இல்லை. அதைத் திருகிப் பூட்டைத் திறந்த பிறகுதான் அழுத்த வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. தெரியச் செய்திருக்க வேண்டியவன் நான்.

4 பவுன் சங்கிலி போயிற்று. திருமாங்கல்யம் மஞ்சள் சரட்டில் இருந்ததால் தப்பியது. கீழே தள்ளியதில் இடது மணிக்கட்டு முறிந்து 6 வாரம் கட்டு. ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நான்தான் சரியாப் பாக்கலை" என்றாள். குறை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தை ஒழுங்காகப் படித்தேன். பி.எஸ்ஸி.யில் படித்த கெமிஸ்ட்ரி கொஞ்சம் கைகொடுத்தது.

முதலில் பெயரே தப்பு. பெப்பர் என்றாலும் நம் ரசத்தில் போடுகிற மிளகு இதில் கிடையாது. மிளகாயிலிருந்து எடுக்கிற எண்ணெய்ப் பிசின்தான் இதில் இருப்பது. அதில் காரம் தருகிற பொருளுக்குக் கேப்சைசின் என்று பெயர். நம் உடம்பில் சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் மூளைக்குச் செய்தி அனுப்புகிற ஓர் உணர்வுப் புரதம் இருக்கிறது. கேப்சைசின் அதே கதவைத் தட்டுகிறது. நெருப்பே இல்லாமல் நெருப்புப் பட்டதாக மூளை நம்பிவிடுகிறது. இதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. பறவைகளுக்கு இந்தக் கதவு கேப்சைசினுக்குத் திறப்பதில்லை. அதனால்தான் கிளி மிளகாய்ப் பழத்தை ரசித்துத் தின்கிறது.

கண்ணில் பட்டால் இமைகள் தாமாக மூடிக்கொள்ளும், இருமல் வரும், முகம் எரியும். பொதுவாக அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வரை கஷ்டம் இருக்கும், பிறகு தணியும். ஆனால் எல்லோரையும் உடனே சாய்த்துவிடும் என்று நினைக்காதீர்கள். குடிபோதையில் இருப்பவன், கண்ணாடியோ ஹெல்மெட்டோ போட்டிருப்பவன் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிப்பான். இந்த டப்பா உங்களுக்கு வாங்கித் தருவது ஜெயத்தை அல்ல, சில விநாடிகளை. அந்த விநாடிகளில் ஓடிவிட வேண்டும்.

மிளகாய்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்து பாட்டிலில் அடைத்துக்கொள்ளலாமே என்று சில மாமிகள் கேட்டார்கள். கேப்சைசின் எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரையும், தண்ணீரில் கரையாது. பொடி அடியில் தங்கி முனையை அடைத்துக்கொள்ளும். பொடியாகவே தூவினால் காற்றில் நம் கண்ணுக்கே திரும்பும். செலவைப் பார்க்காமல் நல்ல டப்பாவாக வாங்குங்கள்.

எப்படிப் பார்த்து வாங்குவது? மேலே கொட்டை எழுத்தில் 20 லட்சம், 50 லட்சம் ஸ்கோவில் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 1912-இல் வில்பர் ஸ்கோவில் என்பவர், மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் எத்தனை மடங்கு கரைத்தால் காரம் தெரியாமல் போகும் என்று பார்த்து வகுத்த அளவு அது. பெரும்பாலும் பிசினின் காரத்தைத்தான் போடுகிறார்கள். அந்தப் பிசினை டப்பாவில் எவ்வளவு நீர்த்திருக்கிறார்கள் என்பது அதிலிருந்து தெரியாது. கேப்சைசினாய்டு சதவீதம் போட்டிருந்தால் அதுதான் நம்பகமான கணக்கு.

அதைவிட முக்கியமானவை மூன்று. முதலாவது, எப்படிப் பீய்ச்சுகிறது என்பது. பனி மாதிரி விரிந்து அடிப்பது குறி தப்பாது, ஆனால் எதிர்காற்றில் நம் மேலேயே வரும். கம்பி மாதிரி நேராகப் பாய்வதற்குக் குறி வேண்டும், ஆனால் காற்றில் அவ்வளவாகக் கலையாது. ஜெல்லாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. தெருவில் நடப்பவர்களுக்கு நேராகப் பாய்வதையே நான் சொல்வேன். இரண்டாவது, பூட்டு. இருட்டில், கண்ணால் பார்க்காமல், கட்டைவிரல் ஒன்றாலேயே திறக்க வர வேண்டும். கடையிலேயே கையில் வாங்கித் திறந்து பாருங்கள். விரலில் வாதம் இருக்கிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். மூன்றாவது, காலாவதித் தேதி. உள்ளே இருக்கும் அழுத்தம் காலப்போக்கில் கசிந்து குறையும். தேதி முடிந்த டப்பா சீறாது, வழியும்.

இன்னொன்று. இது அழுத்தம் அடைத்த டப்பா. 50 டிகிரிக்கு மேல் சூடு ஆகாது. நம் நாக்பூர் மே மாதத்தில் வெளியிலேயே 45 டிகிரி. மூடிய காருக்குள் எவ்வளவு ஏறும் என்று நினைத்துப் பாருங்கள். காரில் வைத்துவிட்டு வராதீர்கள். சில டப்பாக்களில் இருக்கும் வாயு தீப்பிடிக்கும். அடுப்பு எரியும்போது சமையலறையில் அதை அடிக்கக் கூடாது.

இனி பழக்கம். இதில் என் குரு என் பேத்தி. புனேயில் வேலை பார்க்கிறாள், ராத்திரி ஷிப்டும் உண்டு. பாட்டிக்கு நேர்ந்ததைக் கேட்டு ஓடிவந்தவள், கட்டுப் பிரித்த பிறகு எங்கள் இரண்டு பேரையும் மொட்டைமாடிக்கு அழைத்துப் போனாள். சுவரில் பழைய செய்தித்தாளை ஒட்டி, அதில் ஒரு முகம் வரைந்தாள். 6 அடி தள்ளி நிற்கச் சொன்னாள். புது டப்பாவை அரை விநாடி அழுத்திப் பார்த்தால் போதும். எவ்வளவு தூரம் போகிறது, எப்படிப் போகிறது என்று தெரிந்துவிடும். "தாத்தா, காத்து முதுகுப் பக்கம் இருக்கணும்" என்றாள். நான் 36 வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்தவன், சின்னப் பெண் சொல்லியா கேட்பேன்? எதிர்க்காற்றில் அடித்தேன். முழுதும் என் முகத்தில். அங்கவஸ்திரத்தால் தேய்த்தேன், இரண்டு மடங்காயிற்று. முக்கால் மணி நேரம் குழாயடியில் உட்கார்ந்திருந்தேன். அம்மட்டும் அன்றைக்கு மாடியில் யாரும் வடாம் காயப்போடவில்லை.

ஆகவே சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். கண்ணில் பட்டால் தேய்க்காதீர்கள். காற்றோட்டமான இடத்துக்கு வாருங்கள். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அதை எடுத்துவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரை 15 நிமிஷமாவது விட்டுக் கழுவுங்கள். முகத்தையும் கையையும் குழந்தைகள் ஷாம்பூ போட்டு அலம்பலாம். எண்ணெய், நெய், கிரீம் எதுவும் தடவ வேண்டாம். மூச்சு இரைத்தாலோ எரிச்சல் தணியாவிட்டாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

அடிக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டப்பாவை முஷ்டியாகப் பிடித்து, கட்டைவிரலைப் பொத்தான் மேல் வையுங்கள். இன்னொரு கையை முன்னால் நீட்டி, அவன் நெருங்காமல் தடுத்துக்கொள்ளுங்கள். உரக்கக் கத்துங்கள். இங்கே "தூர் ஹடோ!" என்றால் நாலு வீட்டுக் கதவு திறக்கும். உங்கள் ஊர் பாஷையில் அதற்கு என்ன வார்த்தையோ அதை இன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள். பயத்தில் தமிழில்தான் வாய் வரும், தெருவில் யாருக்கும் புரியாது. கண்ணைக் குறிவைத்து, ஒரு காதிலிருந்து மறு காதுவரை, ஒன்றிரண்டு விநாடி அடியுங்கள். அடித்ததும் பக்கவாட்டில் விலகி, வெளிச்சமும் ஜனங்களும் இருக்கிற பக்கம் ஓடுங்கள். நின்று பலன் பார்க்க வேண்டாம். ஓடி முடித்த பிறகு 112.

டப்பா பைக்குள் இருந்தால் இல்லாத மாதிரிதான். தனியாக நடக்கிற இடத்தில், சாவியைக் கையில் வைத்துக்கொள்கிற மாதிரி இதையும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். காற்றுக்கு வேறு கருவி வேண்டாம். முந்தானை எந்தப் பக்கம் பறக்கிறது என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். காலியான பழைய டப்பாவை வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, பூட்டைத் திறந்து நீட்டுவதைத் தினம் 10 தடவை பழகுங்கள். விரல் கற்றுக்கொண்டது ஆபத்தில் மறக்காது.

எப்போது அடிக்கக் கூடாது? லிஃப்ட், ஆட்டோ, மூடிய அறை ஆகிய இடங்களில் வேறு வழியே இல்லையென்றால் ஒழிய வேண்டாம். 2014 பிப்ரவரி 13-ஆம் தேதி, தெலங்கானா மசோதாவின்போது மக்களவைக்குள் ஓர் உறுப்பினர் இதை அடித்தார். எவ்வளவு பெரிய மண்டபம்! உறுப்பினர்கள் இருமிக்கொண்டே வெளியே ஓடினார்கள், சிலரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். லிஃப்டில் என்ன ஆகும்? ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது அபாயமாகவே முடியலாம். நமக்கே ஆஸ்துமா இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு வாங்குவது நல்லது. கத்தியைக் காட்டிச் சங்கிலியைக் கேட்டால் கழற்றிக் கொடுத்துவிடுங்கள். தங்கம் மறுபடி வாங்கலாம்.

சட்டத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. நம் நாட்டில் இதை வாங்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் தேவையில்லை. தற்காப்பு உரிமை முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. தற்காப்புக்கு வேண்டிய அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பது அதிலேயே உள்ள நிபந்தனை. பார்க்கிங் சண்டைக்கும் பக்கத்து வீட்டுத் தகராறுக்கும் இதை எடுத்தால் வழக்கு நம் மேல் வரும். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாத ஒரு தகராறில் இதை அடித்தவர்கள் தற்காப்பு என்று வாதாடியபோது, கர்நாடக உயர் நீதிமன்றம் 2024-இல் அதை ஏற்காமல் வழக்கை ரத்து செய்ய மறுத்துவிட்டது. விமானத்தில் கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி, இதை எடுத்துச் செல்லக் கூடாது. பிரிட்டனில் இதை வைத்திருப்பதே குற்றம். பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, "இனிமே சாயங்காலம் கோயிலுக்குப் போகாதே" என்று மனைவியிடமும், "ராத்திரி வேலை வேண்டாம், விட்டுடு" என்று பேத்தியிடமும் சொன்னேன். நம் வீடுகளில் பெண்களின் பாதுகாப்புக்கு நாம் சொல்கிற முதல் யோசனை, போகாதே என்பதுதான். அதற்கு என் மனைவி சொன்ன பதில்: "சங்கிலியை அவன் எடுத்துண்டான். கோயிலை நீங்க எடுத்துக்கப் பாக்கறேளே!" அதற்கு மேல் நான் பேசவில்லை.

இப்போதும் அவள் சாயங்காலம் கோயிலுக்குப் போகிறாள். கேட்டைத் தாண்டும்போதே டப்பா கையில் இருக்கும். நான் கூடப் போகிற நாட்களில் எனக்கும் ஒன்று கொடுத்து, "காத்து எந்தப் பக்கம், சொல்லுங்கோ பார்க்கலாம்" என்று பரீட்சை வைக்கிறாள்.

உங்களில் யாராவது வீட்டுப் பெண்ணுக்கு இதை வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தால், இன்றைக்கு ராத்திரியே அதை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். தேதியைப் பாருங்கள். பூட்டைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். எப்படி அழுத்துவது என்று அவள் கேட்டால், பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்திருங்கள்.