பதிலாசிரியர்



பாரதியார் சில காலம் பதிலாசிரியராக இருந்தார் என்பதை நம்மிற் பலர் நினைப்பதில்லை. மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராயிருந்த அரசன் சண்முகனார் விடுப்பில் சென்றபோது, 1904 ஆகஸ்டு 1ஆம் தேதி அவ்விடத்தில் அமர்ந்தார் அவர். மாதச் சம்பளம் 17½ ரூபாய். நவம்பர் 10ஆம் தேதியோடு வேலை முடிந்தது. பிறகு சென்னை சென்று ‘சுதேசமித்திர’னிற் சேர்ந்தார். எட்டயபுரத்தில் ‘பாரதி’ என்று பட்டம் பெற்றவர்தாம். ஆயினும் வகுப்பின் முதல் நாளில் அப்பட்டம் எவ்வளவு உதவியிருக்கும்?

பதிலாசிரியரின் முதல் இடர் பாடமன்று, பெயர்கள். நாற்பது பிள்ளைகளில் ஒருவர் பெயரும் தெரியாதபோது அதட்டவும் இயலாது, பாராட்டவும் இயலாது. இவர் எத்தனை நாளைக்கு என்பதைப் பிள்ளைகள் முதல் மணிக்குள்ளேயே கணக்கிட்டு விடுவர். முன்னவர் எங்கே நிறுத்தினார் என்று கேட்டால், ஆளுக்கொரு பக்கத்தைக் காட்டுவர். “அதெல்லாம் முடிந்துவிட்டது, சார்!” என்று துணிந்து சொல்லும் சாமர்த்தியசாலி எல்லா வகுப்பிலும் உண்டு. கணக்குத் தெரிந்தவரைப் பூகோள வகுப்புக்கு அனுப்புவதும் நடக்கிறது. பிள்ளைகள் தேறினால் புகழ் திரும்பி வந்தவருக்கு. தவறினால் பழி இடையில் வந்தவருக்கு.

நமது இரயில்வேயைப் பாருங்கள். ஸ்டேஷன் மாஸ்டர் விடுப்பில் சென்றால், அதற்கென்றே வைத்திருக்கும் ரிலீவிங் மாஸ்டர் வருவார். அவரும் நிரந்தர ஊழியரே. எந்த லைனில் வண்டி நிற்கிறது, எந்தச் சிக்னல் பழுது என்றெல்லாம் எழுதிக் கையொப்பமிட்டுத்தான் ஒருவர் மற்றவரிடம் சார்ஜ் கொடுக்க வேண்டும். நாற்பது குழந்தைகளை ஒப்படைக்கும்போது மட்டும் ஒரு வரி எழுதுவாரைக் காண்பது அரிது.

ஊதியமும் அப்படியே. 2022இல் தமிழ்நாட்டு அரசு 13,331 ஆசிரியர் இடங்களைத் தற்காலிகமாக நிரப்ப முற்பட்டபோது, இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்றது, நாளொன்றுக்கு 250. பின்னர் தொகை உயர்த்தப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

இவ்வங்க நாட்டிலும் கண்டோம். 2016ஆம் ஆண்டுத் தேர்வின் வழி வந்த சுமார் 25,000 பள்ளி நியமனங்களை, முறைகேடு காரணமாக 2025 ஏப்ரல் 3இல் உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்தது. குற்றம் காணப்படாத ஆசிரியர்கள் சிறிது காலம் தொடரலாம் என்று இரு வாரங்களில் அனுமதியும் அளித்தது. நேற்றுவரை நிரந்தரமாயிருந்தவர்கள், தம் சொந்த வகுப்பிலேயே நாள் குறிக்கப்பட்ட ஆசிரியர்களாக நிற்க நேர்ந்தது. அப்படி நின்று பாடம் நடத்துவது எளிதா?

இதையெல்லாம் இங்கே ஏன் சொல்கிறோம்? நமது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முழுவதும் பதிலாசிரியர்களாலேயே நடப்பது. கற்பிக்கும் அன்பர்கள் பாங்கியிலோ இரயில்வேயிலோ இருப்பவர்கள். மாற்றல் உத்தரவு வந்தால் மறு வாரம் இரார். வருபவர் நல்லெண்ணத்தோடு அகரத்திலிருந்து தொடங்குகிறார். இவ்வாறு மூன்று ஆசிரியரிடம் மூன்று முறை உயிரெழுத்துக் கற்று, உயிர்மெய்க்குப் போகாமலே நின்றுவிட்ட பிள்ளைகள் இக்காலனியில் உண்டு. வங்காளமும் இந்தியும் சரளமாகப் படிக்கும் அப்பிள்ளைகள், ஊரிலிருந்து பாட்டி எழுதும் கடிதத்தைத் தந்தையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கின்றனர்.

ஆதலின் சங்கத்தின் அலமாரியில் ஒரு குறிப்பேடு வைக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளின் பெயரும் வயதும் முதற்பக்கத்தில் உள்ளன. அன்றன்று நடந்த பாடம், யாருக்கு எந்த எழுத்துத் தடுமாறுகிறது என்பவற்றை எழுதிவிட்டே ஆசிரியர் புறப்பட வேண்டும். வழிப்படியாக ஏதேனும் கொடுக்கலாமா என்பதைச் செயற்குழு இன்னும் முடிவு செய்யவில்லை; கொடுக்க வேண்டும் என்பது நமது கருத்து. அடுத்த மாதம் முதல் உயிர்மெய் வகுப்புக்கு ஆள் தேவை. முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம்.