தொழிற்பள்ளியும் குலத்தொழிலும்

(சீரங்கத்தில் கூடிய கூட்டத்தில் பேசியது)



இவ்வூர்த் தோழர்கள் ஒரு சிறு தொழிற்பள்ளி ஏற்படுத்த எண்ணி நம்முடைய அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறார்கள். கையிலிருக்கும் பணமோ கொஞ்சம். ஆகவே, "இதைக்கொண்டு முடியுமா?" என்பது ஒரு கேள்வி. "குலக்கல்வியை எதிர்த்த நாமே பிள்ளைகள் கையில் சுத்தியலைக் கொடுக்கலாமா?" என்பது மற்றொரு கேள்வி. இரண்டாவதற்கே முதலில் பதில் சொல்லுகிறோம்.

1953-இல் ஆச்சாரியார் முதன்மந்திரியாயிருந்தபோது, கிராமத்துப் பிள்ளைகளின் பள்ளிக்கூட நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, பாக்கி நேரத்தில் தகப்பன் தொழிலைப் பழகட்டும் என்றார். வெளுப்பவர் பிள்ளை வெளுக்கவும், சிரைப்பவர் பிள்ளை சிரைக்கவும் பழகலாம். சரி, மலம் அள்ளும்படி விடப்பட்டவரின் பிள்ளை எதைப் பழகுவது? பெரியார் கிளர்ச்சி செய்தார். 1954-இல் காமராசர் பதவிக்கு வந்ததும் அத்திட்டம் ஒழிந்தது. நாம் எதிர்த்தது தொழிலையல்ல. பிறப்பைப் பார்த்துத் தொழிலை ஒட்டவைப்பதையே எதிர்த்தோம்.

அது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2023-இல் மத்திய சர்க்கார் கொண்டுவந்த விசுவகர்மா திட்டத்தில், குடும்பத்தில் வழிவழியாக வந்த தொழிலாயிருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். அதை எடுத்துவிடச் சொல்லியும் கேட்காததால், அத்திட்டத்தை அப்படியே ஏற்பதில்லை என்று 2024-இல் தமிழ்நாடு சர்க்கார் தெரிவித்து, குடும்பத்தொழில் நிபந்தனையில்லாத கைவினைத் திட்டத்தை 2025-இல் தொடங்கியது. எழுபது வருஷமாகியும் வருணாசிரமம் வேஷம் மாற்றிக்கொண்டு வருகிறது, தோழர்களே!

இதோ 1987-இல் கட்டி முடித்த 236 அடிக் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறோம். இதைக் கட்டிய கொத்தனார் யார், மண் சுமந்த சித்தாள் யார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வருஷத்தில் ஒரு நாள் ஆயுதத்துக்குச் சந்தனப் பொட்டு. மற்ற நாளெல்லாம் ஆயுதம் பிடிக்கிறவனுக்கு அவமரியாதை! கையால் உழைப்பவன் கீழ், வாயால் பிழைப்பவன் மேல் என்கிற புத்தி உள்ளவரை எந்தத் தொழிற்பள்ளியும் பயன்படாது. பொன்மலையைப் பாருங்கள். 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில்வே பட்டறை அங்கே வந்தது. அங்குள்ள கடைசல் இயந்திரம் யாரையாவது "உன் கோத்திரம் என்ன?" என்று கேட்டதுண்டா?

இனிப் பணத்தைப்பற்றி. பணமில்லாமல் கெட்ட ஸ்தாபனங்களும் உண்டு. பணமிருந்தே கெட்டவைகளும் உண்டு. சேரன்மாதேவி குருகுலம் எப்படிக் கெட்டது? பல ஜாதியாரும் பணம் கொடுத்தார்கள். காங்கிரசும் 5,000 ரூபாய் கொடுத்தது. சாப்பாட்டுப் பந்தியைப் பிரித்தார்கள். 1925-இல் நாடே கொதித்தது. ஆகவே நம் பள்ளியில் முதல் விதி, எல்லாருக்கும் ஒரே பந்தி, ஒரே தண்ணீர்க்குடம். இதற்குக் காலணா செலவில்லை.

இரண்டாவது, ஒன்பது தொழிலுக்குப் பலகை எழுதி மாட்டாதீர்கள். ஒன்றிரண்டு போதும். மின்சாரக் கம்பி போடுதல், பம்பு மோட்டார் பழுதுபார்த்தல் இரண்டுக்கும் சுற்றுக் கிராமங்களில் என்றும் வேலை உண்டு. கட்டடம் வேண்டாம், சாயங்காலத்தில் சும்மா கிடக்கும் ஒரு கொட்டகை போதும். வாத்தியார்களுக்கு எங்கே போவது என்கிறீர்களா? பொன்மலையிலும் திருவெறும்பூரிலும் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு வாசலில் போய் நில்லுங்கள்.

மூன்றாவது, பள்ளிக்கூடமே வேலை செய்து சம்பாதிக்க வேண்டும். சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் திருச்சியில் அச்சான பல புத்தகங்களில் "செயிண்ட் ஜோசப் தொழிற்பள்ளி அச்சுக்கூடம்" என்று இங்கிலீஷில் போட்டிருக்கும். பாதிரிமார்களின் மதம் நமக்கு வேண்டாம். அந்த வழியை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை: பயிற்சி என்ற பேரால் பிள்ளைகளைச் சம்பளமில்லாக் கூலிகளாக்கக் கூடாது. வரும் கூலியில் அவர்களுக்கும் பங்கு வேண்டும். வரவுசெலவுக் கணக்கை மாதாமாதம் கதவில் ஒட்ட வேண்டும்.

நான்காவது, திருவெறும்பூரில் சர்க்கார் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. அதில் சேரத் தகுதியுள்ளவர்களை விண்ணப்பம் எழுதி அங்கேயே அனுப்புங்கள். சர்க்கார் அத்தாட்சிக்குத் தொழிற்சாலை வாசலில் மதிப்புண்டு. படிப்பை நடுவில் விட்டவர்களுக்கும், பகலில் கூலிக்குப் போகிறவர்களுக்கும், பெண்களுக்குமே நம் பள்ளி. பெண்களென்றால் உடனே தையல் மெஷினைக் காட்டாதீர்கள். மோட்டாரைப் பிரித்துப் பூட்ட அவர்களுக்கு மட்டும் விரல் இல்லையா? கணக்கும், படம் பார்த்து அளவு சொல்லும் அறிவும் கூடவே கற்பிக்க வேண்டும். ஏனென்று கேட்கத் தெரியாத கை, எவனுக்கோ உழைக்கும் கையாகவே இருக்கும்.

ஆகவே தோழர்களே, உண்டியலில் போடுவதைக் கொட்டகைக்குக் கொடுங்கள். காசில்லாதவர்கள் வீட்டில் துருப்பிடித்துக் கிடக்கும் குறடையாவது கொண்டுவாருங்கள். துருவைத் தேய்ப்பதே முதல் பாடமாக இருக்கட்டும் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறோம்.