கடைமடைக்கு வராத ஒலி

லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைத் தம் மடிக்கணினியில் நிறுவிக்கொண்ட கல்லூரி மாணவர் சிலர் ஒரே முறையீட்டோடு என்னிடம் வருவதுண்டு. திரையில் படம் ஓடுகிறது, எழுத்துத் தெளிவாக இருக்கிறது, இணையமும் கிடைக்கிறது, ஒலி மட்டும் எழவில்லை. பாடங்களைக் கணினி வழியே கேட்கும் இக்காலத்தில், வேறு கருவி வாங்க வசதியில்லாத மாணவருக்கு இது சிறு குறையன்று. என்னிடம் வருவதற்கு முன்பே அவர்கள், யாரோ எழுதிவைத்த பத்துக் கட்டளைகளைப் பொருள் அறியாமலே தட்டிப் பார்த்திருப்பார்கள். பத்து மருந்துகளை ஒருங்கே விழுங்கிய நோயாளியைப் போல, எது என்ன செய்தது என்று சொல்ல அவர்களால் இயலாது.

மாணவ நண்பர்களே, கடைமடை வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் உழவர் என்ன செய்கிறார்? ஏரியை வெட்டப் போவதில்லை. வாய்க்கால் கரையோடு நடந்து, நீர் எதுவரை வந்திருக்கிறது, எந்த மடையில் நின்றுவிட்டது என்று பார்க்கிறார். ஒலிக்கும் அத்தகைய வாய்க்கால் ஒன்று உண்டு. பாட்டை இசைக்கும் செயலி, அதனை எண்களாக ஓர் ஒலிச் சேவையகத்திடம் ஒப்படைக்கிறது. பல செயலிகளின் ஒலிகளை ஒன்றாகக் கலந்து கீழே அனுப்புவது அதன் வேலை. ஃபெடோரா வழங்கலில் 2007 முதல் பல்ஸ்ஆடியோவும், 2021 முதல் பைப்வயரும் இவ்வேலையை ஏற்றன. அதற்கும் கீழே, இயங்குதளத்தின் கருவாகிய கெர்னலுக்குள் இருப்பது ஆல்சா. செக் நாட்டவரான யாரோஸ்லாவ் கிசெலா 1998-இல் தொடங்கிய இவ்வமைப்பு, 2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 கெர்னலில் பழைய ஒலியமைப்பின் இடத்தைப் பெற்றது. வன்பொருளோடு நேரே பேசும் இயக்கிகள் இதனுள்ளேதான் இருக்கின்றன. முடிவில் கோடெக் என்னும் சில்லு எண்களை மின்னலைகளாக்க, பெருக்கி அவற்றை வலுப்படுத்த, ஒலிபெருக்கி முழங்குகிறது.

ஆராய்ச்சியை நடு மடையிலிருந்து, அதாவது கெர்னலிலிருந்து, தொடங்குவதே என் வழக்கம். முனையத்தைத் திறந்து, 'ஏப்ளே' என்னும் கட்டளையோடு ஒரு சிறுகோடும் 'எல்' என்னும் எழுத்தும் சேர்த்துத் தட்டினால், கெர்னல் கண்டறிந்த ஒலி அட்டைகளின் பட்டியல் வரும். பட்டியலில் ஒன்றுமே இல்லையானால், ஒலியளவைக் கூட்டிப் பார்ப்பதில் பயனில்லை. அடைப்பு இயக்கியிலோ அதற்கும் கீழோ இருக்கிறது. அமைப்புப் பக்கத்தில் 'டம்மி அவுட்புட்' என்ற பெயர் மட்டும் தோன்றுவதும் பெரும்பாலும் இதன் அறிகுறியே. கெர்னல் எழுதிவைத்துள்ள குறிப்புகளை 'டிமெஸ்ஜி' என்னும் கட்டளையால் படித்துப் பார்க்கவேண்டும். அண்மைக் கால இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் ஒலியைக் கையாளத் தனிச் செயலகம் ஒன்று உண்டு. அது இயங்க 'சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்' என்னும் கோப்பு தேவை. கோப்பு கிடைக்கவில்லை என்று அக்குறிப்பே கூறியிருக்கும். உரிய தொகுப்பை நிறுவி, கணினியை மீண்டும் தொடங்கினால் முடிந்தது.

பட்டியலில் அட்டை இருந்தும் ஒலி இல்லையா? 'ஆல்சாமிக்சர்' என்பதைத் திறந்து பாருங்கள். தூண்களின் அடியில் இரண்டு 'எம்' எழுத்துகள் நின்றால் அந்த வழி அடைக்கப்பட்டிருக்கிறது என்பது பொருள். 'எம்' விசையை ஒருமுறை அழுத்தினால் திறந்துவிடும். இவ்வளவு எளிய காரணத்துக்காக இயங்குதளத்தையே அழித்து மீண்டும் நிறுவியவர்களும் உண்டு! வெளித்திரைக்குரிய எச்டிஎம்ஐ வழியைக் கணினி தானாகத் தேர்ந்துகொண்டிருப்பதும் வழக்கமான காரணமே.

இனி, உண்மையிலேயே சுவையான இடத்துக்கு வருகிறோம். செவியில் மாட்டும் ஒலிப்பான் பாடுகிறது. கணினியின் சொந்த ஒலிபெருக்கி ஊமையாக இருக்கிறது. இயக்கி வேலை செய்கிறது என்பதற்கு இதுவே சான்று. பின் ஏன் இப்படி? 2004-இல் இன்டெல் வகுத்த 'எச்டி ஆடியோ' முறையில், கோடெக் சில்லின் எந்தக் காலை எதனோடு இணைப்பது என்பது மடிக்கணினி செய்பவரின் விருப்பம். அவ்விணைப்பைக் கணினியின் பயாஸில் அவர் சரியாகப் பதிந்திருக்கவேண்டும். பலர் பதிவதில்லை, விண்டோஸுக்கென்று தாம் அளிக்கும் இயக்கியில் உண்மையை வைத்துக்கொண்டு, பயாஸில் பிழையை விட்டுவிடுகிறார்கள். சிலவற்றில் பெருக்கியை எழுப்பத் தனிச் சமிக்ஞையும் வேண்டும். சில்லு ஒன்றே, வயரிங்கோ வீட்டுக்கு வீடு வேறு.

ஆகவே கெர்னலின் மூல நிரலில், ரியல்டெக் சில்லுகளுக்கான பகுதியில், நூற்றுக்கணக்கான மடிக்கணினி மாதிரிகளுக்கு நீண்டதொரு விதிவிலக்குப் பட்டியல் இருக்கிறது. இன்ன அடையாள எண்ணுள்ள கணினியா, இன்ன திருத்தத்தைச் செய் என்பதுபோல ஒவ்வொரு வரியும் அமைந்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதைத் திறந்து படிக்கலாம். பல ஆண்டுகளாக இப்பகுதியைப் பேணிவருபவர் தகாஷி இவாய். அவரிடமும் உலகத்து மடிக்கணினிகள் அனைத்தும் இருக்க இயலாதன்றோ! எவர் கையிலோ ஊமையாக இருந்த கணினியைப் பற்றி அவர் எழுதியனுப்பியதால் பிறந்த வரிகள் அவற்றுள் பல.

எனவே, புதிய கணினி என்றால் முதலில் புதிய கெர்னல் உள்ள வழங்கலை யூஎஸ்பி தண்டில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். உங்கள் கணினிக்குரிய வரி அதில் வந்திருக்கலாம். விண்டோஸிலிருந்து நேரே மீள்தொடங்கியிருந்தால், மின்சாரத்தை முழுவதும் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குங்கள்; சில்லு பழைய நிலையிலேயே உறைந்திருப்பதுண்டு. ஒருவேளைக்கு ஒரு மாற்றமே செய்து, அதைக் குறித்துவையுங்கள்.

அப்போதும் ஒலி வரவில்லையானால் 'ஆல்சா-இன்ஃபோ' என்னும் சிறு நிரலை ஓட்டுங்கள். சில்லின் கால்கள் முதல் கெர்னலின் பதிப்பு எண் வரை அனைத்தும் ஒரே கோப்பில் திரண்டுவிடும். அக்கோப்போடு, செவி ஒலிப்பான் வேலை செய்கிறதா, விண்டோஸில் ஒலிபெருக்கி பேசியதா என்னும் இரண்டு விடைகளையும் சேர்த்து, உங்கள் வழங்கலின் பிழைப் பதிவேட்டுக்கு அனுப்புங்கள். இயக்கியைத் திருத்துபவர் முதலில் கேட்பது இவற்றைத்தான்.